ஏழாவது ஆட்டம்

“அந்த ஊஞ்சல்ல மொதல்ல எங்க அக்காதான் உக்காரணும் சார்.”

சொன்ன பிறகுதான் வேணிக்கே உறைத்தது, சொல்லிவிட்டோம் என்று. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு விக்கிரவாண்டி டோல்கேட் பக்கத்தில் பஸ் ஏற்றிவிட வந்த அம்மா சொல்லி அனுப்பியது ஒன்றே ஒன்றுதான். “இன்னா வேணா பேசு. அக்கா கதைய மட்டும் அங்க எடுக்காத. பாவம் பாத்து வேல குடுத்தாங்கன்னு ஆயிப்பூடும்.” இரண்டு வருடம் அதைக் காப்பாற்றியாயிற்று. விழுப்புரம் ஆபீசில் யாருக்கும் இளவரசி என்று அவளுக்கு ஒரு அக்கா இருப்பதே தெரியாது. காலனியிலேயே முதன்முதலில் பி.இ. படித்தவள் என்ற பேரை வைத்துத்தான் வேணி அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அது போதும் என்றுதான் நினைத்திருந்தாள்.

ராஜசேகர் போனைச் சட்டைப் பையில் போட்டார். பூங்கா கட்டிக் கொடுக்கும் கம்பெனிக்கு முதலாளி அவர். திண்டிவனத்தில் இந்தப் பூங்காவுக்கு நாளைக் காலை பத்து மணிக்குத் திறப்பு விழா. பந்தல்காரர்கள் துணி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

“உங்க அக்காவுக்கு இன்னா?”

“நடக்க மாட்டா. பொறந்ததுலேருந்து இடுப்புக்குக் கீழ அசைவு இல்ல. வீல்சேர்தான்.”

“இத்தினி நாளா சொல்லவே இல்லியேம்மா.”

“நீங்க கேக்கல சார்.”

அவர் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள். ஆனால் தான் வரைந்த பூங்கா முழுக்க அக்காவைச் சொல்லித்தான் வைத்திருந்தாள். கைப்பிடிக் குழாய், நின்றபடியோ உட்கார்ந்தபடியோ விளையாடும் மணல் மேடை, பார்வையில்லாதவர்கள் தடவிப் பார்க்கும் சுவர், தட்டினால் ஒலிக்கும் குழாய்கள். ஒவ்வொன்றையும் வரைவதற்கு முந்தின நாள் வீட்டில் டேப்பைப் பிடித்துக்கொண்டு, “இது எட்டுதா பாரு, இன்னும் எறக்கவா?” என்று கேட்டிருக்கிறாள். இளவரசி கையை நீட்டுவாள். “ரெண்டு வெரக்கட எறக்குடி. நான் இன்னா ஜிராப்பியா?” கம்பெனிக் காகிதத்தில் எண்பது, எழுபத்திரண்டு என்று கிடக்கும் எண்கள் எல்லாம் அந்தக் கையின் நீளம். ஊர்ப்பட்ட ஜனம் வந்து போகப்போகிற இடத்தை அவள் ஒரே ஒரு உடம்புக்குத் தைத்து வைத்திருந்தாள்.

கடைசியாகத்தான் ஊஞ்சல். இரும்பு மேடை, அதில் ஏற ஒரு சாய்தளம், சக்கரத்தைப் பூட்ட இரண்டு கொக்கி. சக்கர நாற்காலியோடு அப்படியே ஏறி ஆடலாம். அதை வரைந்தபோது மட்டும் இளவரசி கிண்டல் பண்ணவில்லை. மோட்டார் வைத்த தையல் மிஷினை நிறுத்திவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள், “இதுல ஆடுனா காத்து மூஞ்சில அடிக்குமாடீ?”

காலனிக்குப் பின்னால் இருந்த புளியமரத்தில் அம்மாவின் பழைய சேலையைக் கட்டி ஆடிய காலத்தில், ஆளுக்குப் பத்து ஆட்டம் என்று சட்டம். எண்ணுவது இளவரசி வேலை. அவள் முதுகு நிற்காது, சேலையில் உட்கார வைத்தால் மடங்கி விழுவாள் என்பதால் அந்த வேலையைக் கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள். மற்றவர்களுக்கு ஒழுங்காக எண்ணுவாள். வேணி ஏறினால் மட்டும் ஏழில் நிற்பாள். ஏழு, ஏழு, ஏழு. “ஏய், ஏழு எத்தினி வாட்டிடி வரும்?” என்று பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள். “உனுக்குக் கணக்கு வருமா, எனுக்கு வருமா?” என்று கத்துவாள் இளவரசி. அவள் திருடித் தந்த ஆட்டங்களில் வேணிக்குப் பாதி சிறுவயது கழிந்தது. ஒன்றையாவது திருப்பித் தர வேண்டும் என்று ஆசை. ஊஞ்சலில் அக்காவை ஏற்றி, பின்னால் நின்று தள்ளி, ஏழிலேயே நிறுத்தி எண்ண வேண்டும். அவ்வளவுதான். அதற்கு ஒரு பூங்காவே கட்ட வேண்டியிருந்தது.

“மொதல்ல உக்காரணும்னு இன்னா இருக்கு? டெஸ்ட்டுதான் பண்ணியாச்சே,” என்றார் ராஜசேகர்.

“நாலு மூட்ட சிமெண்ட்ட ஏத்தி ஆட்டிப் பாத்தீங்க சார். மனுஷங்க யாரும் இன்னும் ஏறல.”

அவர் சிரித்தார். பிறகு ஏதோ யோசித்தவர் முகம் தெளிந்தது. நாளைக்கு வருவதாக இருந்த சிறப்புப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வேன் கிடைக்கவில்லை என்று காலையில்தான் போன் வந்திருந்தது. ஊஞ்சல் வெறுமையாக நின்றால் படத்தில் நன்றாயிருக்காது.

“சரி, கூட்டினு வா. நல்லதாப் போச்சு.”

“எப்படி சார் வருவா? வாசல் கேட்ட இன்னா பண்ணி வெச்சிருக்கீங்க பாத்தீங்களா?”

போன வாரம் அவள் கண்டமங்கலம் வேலையைப் பார்க்கப் போயிருந்த இரண்டு நாளில் நடந்தது அது. தெருமாடுகள் உள்ளே புகுந்து புதிதாகப் பதித்த புல்லை மேய்ந்துவிட்டன. வாட்ச்மேன் ராயப்பன் புகார் சொல்ல, வேணி வரைந்திருந்த, தானாகச் சாத்திக்கொள்ளும் அகலக் கதவை விட்டுவிட்டு, வாசலில் இரும்புக் குழாய்களை முன்னும் பின்னுமாக நட்டுவிட்டார்கள். ஆள் உடம்பை ஒருக்களித்துத் திரும்பித் திரும்பித்தான் நுழைய வேண்டும். மாடு நுழையாது. சக்கர நாற்காலியும் நுழையாது. அவள் திரும்பி வந்து கேட்டபோது, நட்ட வெல்டர் சவுரிராயனே தலையைச் சொறிந்தபடி சொன்னார். “எனுக்கு இன்னா மேடம் தெரியும்? மாட்டுக்குன்னாங்க, நட்டேன். எடுக்கறதுன்னா சொல்லுங்க, மெஷினோட வர்றேன். அரமணி நேர வேல.”

“நாப்பத்தஞ்சு சென்டிதான் சார் வழி இருக்கு,” என்றாள் வேணி.

“அதுக்கென்னம்மா? நாலு பசங்க இருக்கானுங்க. சேரோட அலேக்கா தூக்கி உள்ள வெச்சிருவானுங்க. போட்டோ முடிஞ்சதும் தூக்கி வெளிய வுட்டா போச்சு.”

“அடுத்த வாரம் அவளே வந்தா?”

“ஊஞ்சலுக்குப் பூட்டு இருக்கு, சாவி ராயப்பன்கிட்ட இருக்கும். கேட்டா தொறக்கப் போறான். நீ எல்லாத்தையும் பேஜாரு பண்ணாத.”

வேணி ஒலிக்குழாய்களுக்குப் பின்னால் போய் நின்று வீட்டுக்குப் போன் போட்டு, சிமெண்ட் மூட்டை வைத்து ஊஞ்சலை ஆட்டிப் பார்த்தது வரைக்கும் சொன்னாள். தூக்குவார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. சொல்லிவிட்டாள். அந்தப் பக்கம் மிஷின் சத்தம் நின்றது.

“எத்தினி பேரு தூக்குவாங்க?”

“நாலு பேரு.”

“சிமெண்ட்டு மூட்டைய?”

“மூட்டைக்கு ஒரு ஆளு.”

“அப்ப நான் நாலு மூட்ட.” இளவரசி சிரித்தாள். வேணி சிரிக்கவில்லை. ஓட்டுச்சாவடிப் படியில், ஆஸ்பத்திரி வாசலில், பஸ்சில் அக்காவைத் தூக்கியதையெல்லாம் அவள் பார்த்திருக்கிறாள். தூக்கும்போது இளவரசி யார் முகத்தையும் பார்க்க மாட்டாள். சுடிதார் ஏறிவிடாமல் இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு மேலே எங்கோ பார்ப்பாள். தூக்குகிற எட்டுக் கையில் ஒரு கை எப்போதும் தேவையில்லாத இடத்தில் இருக்கும். அதைப் பற்றி அவள் ஒருநாளும் பேசியதில்லை. அன்றைக்கு முழுக்கச் சாப்பிட மாட்டாள், அவ்வளவுதான். இனிமேல் யாரும் என்னைத் தூக்க வேண்டாம் என்று மூன்று வருடத்துக்கு முன்பு சொன்னவள், அதற்குப் பிறகு வாசலைத் தாண்டியது குறைவு.

“வர்றேன்டீ,” என்றாள் இளவரசி.

“அக்கா...”

“தூக்கிக்கினு போட்டும், பரவால்ல. கண்ண மூடிக்கிறேன். ஒரு வாட்டி ஆடிட்டு வந்துடறேன். அந்த நீலச் சுடிதாருக்கு இன்னிக்கே கைய முடிச்சிடறேன்.” மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. வேகமாக ஓடியது.

வேணி போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். வேண்டாம் என்று அக்கா சொல்லியிருந்தால் சண்டை போட ஒரு வழி இருந்திருக்கும். வருகிறேன் என்றுவிட்டாள். இருபத்தொன்பது வயதில் முதல் ஊஞ்சல், கண்ணை மூடிக்கொண்டாவது.

திரும்பி வந்தபோது ராஜசேகர் பந்தல்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். புருவத்தை உயர்த்தினார்.

“அக்கா வர்றா சார்.”

“பாத்தியா. பசங்கள ஒம்பதரைக்கே நிக்கச் சொல்றேன்.”

“பசங்க வேணாம் சார்.”

“பின்ன?”

“அவளே உருட்டினு வருவா.”

அவருக்கு அது புரியவில்லை. தலையை ஆட்டிவிட்டு, பந்தல் கால் சாய்ந்திருப்பதைக் காட்டப் போய்விட்டார். வேணி பந்தல் மேசைமேல் இருந்த தன் கம்பெனி அடையாள அட்டையை எடுத்தாள். ஒரு கணம் பார்த்துவிட்டு அங்கேயே வைத்தாள். டேப்பை மட்டும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

போகிற வழியில் ஊஞ்சல் மேடையை உள்ளங்கையால் ஒரு தள்ளு தள்ளினாள். பூட்டியிருந்த சங்கிலி கொடுத்த இடம் வரைக்கும் போய் அது திரும்பி வந்தது. வாசலில், முதல் குழாயில் இடது தோளைத் திருப்பினாள், இரண்டாவதில் வலது தோளை. வெளியே ஒரு செவலை மாடு குழாய்களுக்கு நடுவில் கழுத்தை விட்டு, எட்டாத புல்லை நோக்கி நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. அதன் நெற்றியில் கை வைத்து ஒதுக்கினாள். அது நகராமல் நின்று அவள் கையை நக்கியது.

மேம்பாலத்துக்கு அடியில் வெல்டர் சவுரிராயன் பட்டறை ஏழு மணி வரைக்கும் திறந்திருக்கும். அரை மணி நேர வேலை. வேணி சாலையில் இறங்கினாள். பின்னால் ஊஞ்சல் இன்னும் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. ஐந்து, ஆறு, ஏழு.

ஏழு.