டிஸ்குக்கு வைத்த சந்தனம்

விஜயதசமி காலையில் பூசையைப் பிரித்த கையோடு கணேஷ்ராம் கச்சேரிக் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலில் வைத்தான். பிளக்கைச் சொருகி ஃபிளாப்பி டிஸ்கை உள்ளே தள்ளினான். கறகறவென்று ஒரு சத்தம். சின்னத் திரையில் ஏதோ இங்கிலீஷில் வந்து நின்றது. எடுத்து ஊதி மறுபடி தள்ளினான். மறுபடியும் அதே கறகற.

“என்ன அத்தான்?” என்று அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள் வேணி.

“டிஸ்கைப் படிக்க மாட்டேங்கு வேணி. நேத்துப் பூசையில வைக்கும்போது நல்லாத்தானே இருந்துது!”

வேணி கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

கல்யாணமாகி எட்டு மாதம். அந்த டிஸ்கின் அருமை அவளுக்குத் தெரியாதா? ஆபீசிலிருந்து வந்து காபியைக் குடித்ததும் மனுஷன் கீபோர்டின் முன்னால் உட்கார்ந்துவிடுவான். இந்தப் பாட்டுக்கு வலது கையில் புல்லாங்குழல், இடது கையில் வயலின், தாளம் இன்ன வேகம், சத்தம் இவ்வளவு என்று உப்புப் புளி பார்ப்பதுபோலப் பார்த்துப் பார்த்து, சரியாக வந்ததும் ஒரு நம்பரில் போட்டு வைப்பான். மேடையில் அந்த நம்பரை அமுக்கினால் போதும், கண் மூடித் திறப்பதற்குள் எல்லாம் வந்து நிற்கும். இல்லையென்றால் ஒவ்வொரு பாட்டுக்கும் பட்டன் பட்டனாகத் தேட வேண்டும். அதுவரை கூட்டத்தில் இருக்கிறவன் விசிலடிக்காமல் இருப்பானா? கீபோர்டை அணைத்தால் எல்லாம் அழிந்துவிடும் என்பதால் அறுபத்திரண்டு பாட்டும் அந்த ஒரே டிஸ்கில் இருந்தது. இன்னொரு காப்பி? “நாளைக்கு எடுக்கணும், நாளைக்கு எடுக்கணும்” என்றே எட்டு மாதம் ஓட்டியிருந்தான் புண்ணியவான்.

அன்றைக்குச் சாயங்காலம் வள்ளியூர் அம்மன் கோயிலில் தசராக் கச்சேரி. கணேஷ்ராம் வாசிக்கும் மெல்லிசைக் குழுவின் வயலின்காரரும் புல்லாங்குழல்காரரும் வேறு ஊருக்கு ஒப்புக்கொண்டுவிட்டார்கள். குழுவை நடத்தும் குற்றாலலிங்கம் அண்ணாச்சி தலையில் கை வைத்து உட்கார்ந்தபோது, “ரெண்டு பேரு வாசிக்கதையும் நானே வாசிக்கேன் அண்ணாச்சி, கவலைய விடுங்க” என்று நெஞ்சைத் தட்டியவன் இவன்தான். ரெண்டு மணிக்கு வேன் வந்துவிடும்.

“டிஸ்கைப் படிக்கிற டிரைவ் போயிட்டா, என்ன எழவுன்னு தெரியலையே” என்று கணேஷ்ராம் கீபோர்டைக் கவிழ்த்துப் பார்த்தான்.

வேணி வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் பழி டிரைவ் மேல் போயிருக்கும். அவளால் முடியவில்லை.

“அத்தான், நான்தான் நேத்து அதுக்குச் சந்தனம் வச்சேன்.”

“மேல கொஞ்சம் இருந்துது. துடைச்சிட்டேன்.”

“மேல இல்ல. அந்தத் தகரக் கதவு தள்ளினா திறந்துது. உள்ள கருப்பா மினுமினுன்னு இருந்துது. பாட்டெல்லாம் இங்கனதானே இருக்குன்னு அங்கனயும் ஒரு பொட்டு வச்சேன்.”

கணேஷ்ராம் டிஸ்கின் கதவை நகத்தால் நகர்த்திப் பார்த்தான். உள்ளே காய்ந்த சந்தனம், நடுவே அழகாகக் குங்குமம். ஏதாவது திட்டித் தொலைத்தாலும் தேவலை. அவன் டிஸ்கை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். அது அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

“பாளையங்கோட்டை தெற்கு பஜார்ல கம்ப்யூட்டர் சென்டர் இருக்குல்லா, அங்கன கலைச்செல்வி இருக்கா. என்கூடத் தட்டச்சு படிச்சவ. இன்னைக்குப் புதுசா ஆள் சேக்கிற நாளு, கட்டாயம் திறந்திருக்கும். எந்திரிங்கத்தான்!” என்று அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

ஸ்கூட்டர் பாளையங்கோட்டை போய்ச் சேருவதற்குள் வேணி வேண்டாத சாமி இல்லை. சென்டரில் ஏழெட்டுப் பிள்ளைகள் சேருவதற்குக் காத்திருந்தார்கள். கம்ப்யூட்டர் ஒவ்வொன்றின் நெற்றியிலும் பெரிய சந்தனப் பொட்டு.

கலைச்செல்வி டிஸ்கைத் திறந்து பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

“ஏட்டி, சிரிக்காத, எனக்கு உயிர் போவுது” என்றாள் வேணி.

“போன வருசம் எங்க முதலாளியும் இதே வேலைய என்னைச் செய்ய வச்சாரு. உள்ளயும் வையும்மான்னு பக்கத்துல நின்னு சொன்னதே அவருதான். பரீட்சை மார்க்கெல்லாம் அதுல இருந்துது. அவரு அழுத அழுகைக்கு நீ எவ்வளவோ பரவாயில்ல.” கணேஷ்ராம் பக்கம் திரும்பினாள். “பயப்படாதீங்க அண்ணாச்சி. அன்னைக்கும் நான்தான் கழுவினேன்.”

“கழுவவா?”

“பாருங்க.”

உறையின் ஓரத்தைப் பைய நெம்பினாள். உள்ளேயிருந்து மெல்லிய கருப்பு வட்டத்தை விளிம்பைப் பிடித்து எடுத்தாள். ஒரு கிண்ணத்தில் பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீரை ஊற்றி, அதில் வட்டத்தை முக்கி அலசினாள். சந்தனம் ஊறிக் கரைந்து இறங்கியது. மல்துணியில் ஒற்றி, ஃபேனுக்கு அடியில் காய வைத்தாள். அந்த இருபது நிமிஷமும் கணேஷ்ராம் மூச்சு விட்டானா என்பதே சந்தேகம். பிறகு ஒரு புது டிஸ்கை உடைத்து, அதன் உறைக்குள் இந்த வட்டத்தை வைத்து மூடி, கம்ப்யூட்டருக்குள் தள்ளினாள்.

கறகற இல்லை. திரையில் பெயர்கள் வரிசையாக இறங்கின.

“அறுபத்திரண்டு இருக்கு” என்றாள் கலைச்செல்வி. “முதல்ல காப்பி எடுக்கேன்.”

ரெண்டு காப்பி எடுத்தாள். கீபோர்டுக்குள் ஒட்டியிருக்கும் சந்தனத்தைத் துடைக்க, உள்ளே துணி வைத்த ஒரு கிளீனிங் டிஸ்கையும் இரவல் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து, துடைத்து, காப்பியைத் தள்ளி, கணேஷ்ராம் ஒன்றாம் நம்பரை அமுக்கினான். வலது கையில் புல்லாங்குழல் எழும்பியது, இடது கையில் வயலின் இழைந்தது. அப்பாடா! வேணி சுவரில் சாய்ந்து அழுதாள். அடக்கி வைத்திருந்த அழுகை முழுக்க அப்போதுதான் வந்தது.

“ஏட்டி, எதுக்கு அழுத? தப்பு என் மேலதான். எட்டு மாசமா ஒரு காப்பி எடுக்கத் துப்பில்லாம இருந்தேன். நீ சொல்லலைன்னா இந்நேரம் டிரைவைக் கழட்டி ஆணியும் தகடுமா வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன்.”

அவள் மூக்கை உறிஞ்சினாள். சந்தனக் கறை பட்ட பழைய உறையைக் காட்டி, “இதை என்ன செய்ய அத்தான்?” என்றாள்.

“பூசை அலமாரியில வையி. இனி வருசா வருசம் பூசை அதுக்குத்தான்.”

வாசலில் வேன் ஹாரன் அடித்தது. “லே கணேசா, கிளம்பிட்டியாலே?” என்று குற்றாலலிங்கம் அண்ணாச்சியின் குரல்.

“வந்துட்டேன் அண்ணாச்சி!” கீபோர்டைத் தோளில் ஏற்றியவன், நின்று திரும்பி வேணியின் முன்னால் தலையைக் குனிந்தான்.

“சந்தனம் மிச்சம் இருந்தா எனக்கு வச்சு விடு.”

அவள் கிண்ணத்தை எடுத்து வந்தாள்.

“நெத்தியில மட்டும். கதவு எதையும் திறந்து பாத்துராத தாயே” என்றான்.