தவக்காலத்தில் மூன்று கிளாஸ்

ஜெயராஜைப் போல ஓர் அவசரக்குடுக்கையைப் பார்க்க முடியாது. பெங்களூர் பிரிகேட் ரோடு பாரில் பதினெட்டு வருஷம் பீர் ஊற்றிக் கொடுத்தவர். பாரை மூடிவிட்டார்கள், நாலு மாதமாக வேலை இல்லை. தவக்காலம் பிறந்ததும் சிவாஜிநகர் மாதா கோயிலில் முழந்தாள் போட்டு, வேலை கிடைக்க வேண்டும், ஈஸ்டர் வரைக்கும் ஒரு சொட்டு தொடமாட்டேன் என்று வேண்டிக்கொண்டார். மூன்றாம் நாளே அழைப்பு வந்தது. என்ன வேலைக்கு? பீர் ருசி பார்த்துத் தேர்வு செய்கிற வேலைக்கு!

"விடறதுக்கு உங்களுக்கு வேற ஒண்ணுமே கிடைக்கலியா? கறிய விட்டிருக்கக் கூடாதா?" என்று மனைவி அன்னா தலையில் அடித்துக்கொண்டாள்.

தொம்மலூரில் சுந்தரேசனின் ஆபீஸ். பெல்ஜியத்து மடங்களில் துறவிகள் காய்ச்சும் ஏல் என்ற வகை பீரை இறக்குமதி செய்து ஓட்டல்களுக்கு விற்கப்போகிறவர். மேஜையில் மூன்று வகை: பழுப்பு ஒன்று, பொன்னிறம் ஒன்று, கறுப்பு ஒன்று. பாட்டில்கள் ஐஸில் கிடந்தன; ஆளுக்கு மூன்று கிளாஸ் ஊற்றி வைத்திருந்தார்கள். போட்டிக்கு வந்திருந்த உத்தமன் மூன்றையும் மடமடவென்று குடித்துவிட்டு, "பொன்னிறம்தான் சார் டாப்! சில்லுன்னு இறங்குது" என்றான்.

ஜெயராஜ் கிளாஸை வாயருகே கொண்டுபோகவில்லை. வேண்டுதல் விஷயத்தைச் சொன்னார்.

சுந்தரேசன் சிரித்துவிட்டார். "அட, அந்தச் சாமியாருங்களே நோன்பு நாள்ல இதைத்தான் குடிச்சாங்களாம்!"

"அவங்க வேண்டுதல் வேற, என் வேண்டுதல் வேற சார்."

வேலை போச்சு என்றே நினைத்தார். இருந்தாலும் எழுந்துபோக மனமில்லை. குளிரில் வாசம் தெரியாதென்று கிளாஸ்களை உள்ளங்கையில் பொத்திச் சூடேற்றினார். குளிர் விட்டதும் ஒவ்வொன்றாக முகர்ந்தார். பழுப்பில் உலர்ந்த திராட்சை, வெல்லம். கறுப்பில் அத்திப்பழம், லேசாகக் கருகிய சர்க்கரை. பொன்னிறத்தில் மூக்கு நின்றுவிட்டது.

"இதுல கிராம்பு வாசம் வரணும், வாழைப்பழம் வரணும். நனைஞ்ச அட்டைப்பெட்டி வாசம் வருது. சார், இது எங்கயாவது வெயில்ல நின்னுச்சா?"

சுந்தரேசன் கிளாஸைப் பிடுங்கி முகர்ந்தார். முகம் மாறியது. "அத்திபெலே பார்டர் செக்போஸ்ட்ல நம்ம சரக்கு லாரி ஒரு வாரமா வெயில்ல நிக்குது. அதுலேருந்து சாம்பிளுக்குப் பொன்னிறத்துல மட்டும் ஒரு பெட்டி நேத்து எடுத்தாந்தோம். மத்த ரெண்டும் ப்ளேன்ல வந்தது."

"ஐயோ! மிச்சம்?"

"நாப்பது பெட்டி. இன்னும் அங்கதான்."

ஜெயராஜ் சட்டென்று எழுந்தார். "இப்பவே நிழலுக்கு மாத்தணும். எல்லாம் கெட்டிருக்காது. உள்ளே அடுக்கினது தப்பிச்சிருக்கும். திறந்து பார்த்துப் பிரிச்சிடலாம். கிளம்புங்க சார், வேலை விஷயத்தைப் போற வழியில பேசிக்கலாம்."

"பேச என்ன இருக்கு? வேலை உங்களுக்குத்தான். ஏறுங்க வண்டியில," என்றார் சுந்தரேசன், சாவியைத் தேடிக்கொண்டே.

ஜெயராஜுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதைத் துடைக்கக்கூட நிற்காமல் படியிறங்கினார்.