எதற்கென்று தெரியாத செவ்வாய்க் கூட்டம்

நூறு கோடிப் பேரின் கைபேசிக்குப் போகவிருந்த புது மென்பொருளை நான் ஒரே ஒரு சொல்லால் தடுத்து நிறுத்தியிருக்கிறேன். அதுவும் வாய் நிறைய பிஸ்கட்டோடு. அதுவும் எதற்காகக் கூடியிருக்கிறோம் என்று ஒருவருக்குமே தெரியாத ஒரு கூட்டத்தில்.

இதைச் சொன்னால் எல்லாரும் வாயைப் பிளந்து கேட்பார்கள், என் மச்சானைத் தவிர. என் மனைவியின் அண்ணன் அவர். நான் வேலை பார்த்த அதே நிறுவனத்தில்தான் இருந்து ஓய்வு பெற்றார். முடிந்த மென்பொருளை உலகத்துக்குத் திறந்துவிடுகிற பிரிவு அவருடையது. போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுச் சோபாவில் சாய்ந்தபடி மறுபடியும் ஆரம்பித்தார்.

"மாப்ளே, புளுகறதுக்கும் ஒரு அளவு வேணும். அவ்வளவு பெரிய கம்பெனி, நீ ஒரு வார்த்தை சொன்னதும் அப்படியே நின்னுடுச்சாக்கும்?"

"முழுசாக் கேளுங்க மச்சான். அப்புறம் சிரிங்க."

"முன்கூட்டியே சிரிச்சு வெச்சுக்கறேன்."

பெரிய கம்பெனிதான், மறுக்கவில்லை. இந்த முனையில் காபி பிடித்துக்கொண்டு அந்த முனையிலிருக்கும் இருக்கைக்குப் போய்ச் சேர்வதற்குள் காபி ஆறிவிடும். அதுகூடப் பரவாயில்லை, அதற்குள் நம் பிரிவின் பெயர் மாறியிருக்கும். சில நாள் மேலதிகாரியும் மாறியிருப்பார். அங்கே திரையில் தோன்றும் சொற்களை எழுதுவது என் வேலை. என் அளவுக்குப் படிக்கப்பட்ட எழுத்தாளன் இந்தப் பூமியில் இன்னும் பிறக்கவில்லை. 'சரி', 'வேண்டாம்', 'மீண்டும் முயலவும்' எல்லாம் அடியேனின் படைப்புகள்.

மென்பொருள் புதன்கிழமை வெளியாக இருந்தது. திங்கட்கிழமை என் மேஜைக்குப் பூதக்கண்ணாடி வந்தாள். சோதனைப் பிரிவுப் பெண். யார் கண்ணுக்கும் தெரியாத பிழையைக் காதைப் பிடித்து இழுத்து வந்து நிறுத்துவாள் என்பதால் அந்தப் பெயர். ஒரு கைபேசியை என் முன்னால் வைத்தாள்.

"சார், இதுல அவசர அழைப்புப் பொத்தான் எங்க இருக்கு, காட்டுங்க."

எழுத்துகள் ஒவ்வொன்றும் யானைக்குட்டி அளவில் இருந்தன. மேலே பார்த்தேன், கீழே பார்த்தேன், கைபேசியைத் திருப்பி முதுகையும் பார்த்தேன். பொத்தான் இல்லை.

"எழுத்தை ஆகப் பெருசா வெச்சா அது திரைக்குக் கீழ போயிடுது. இழுத்தாலும் வராது."

"இவ்வளவு பெருசா யாரும்மா வெச்சுக்கப் போறாங்க?"

"எங்கம்மா."

அம்மாவுக்குக் கண் மங்கல். தனியாக இருக்கிறார். போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்தபோது அந்தப் பொத்தானைத் தொட்டுத்தான் ஆள் வரவழைத்தாராம்.

"அம்மா போன்ல இது ஏறாம நான் ஓடிப்போய்த் தடுத்துடுவேன் சார். மத்தவங்க அம்மாங்களுக்கு யாரு ஓடுவா?"

அவள் ஏறாத படி இல்லை. பொத்தான் பிரிவு, குற்றம் எழுத்தின் அளவில் என்றது. எழுத்துப் பிரிவு, குற்றம் திரையில் என்றது. திரைப் பிரிவு, சொல் நீளமாக இருக்கிறது, சொல்காரரைப் பார் என்று என்னிடம் தள்ளிவிட்டது. நானோ, எல்லா மொழிக்கும் பெயர்த்து முடித்ததும் சொற்களைப் பூட்டிவிட்டார்கள், பூட்டைத் திறக்கப் பொத்தான் பிரிவு கேட்க வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் வாய் தானாக மூடிக்கொண்டது.

யோசித்துப் பார்த்தால் அங்கே கெட்டவர் என்று ஒருவரும் கிடையாது. அவரவர் கையகலத் துண்டை அவரவர் பளபளவென்று துடைத்து வைத்திருந்தார்கள். இரண்டு துண்டுகளுக்கு நடுவில் ஒரு இடுக்கு இருந்தது. பொத்தான் விழுந்து கிடந்தது அதில். இடுக்கைப் பார்த்துக்கொள்ள யாருக்கும் சம்பளம் கிடையாது.

அப்போதுதான் எனக்குச் செவ்வாய்க் கூட்டம் ஞாபகம் வந்தது.

அதை ஆரம்பித்தவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார். ஆரம்பித்தவர்தான் ரத்து செய்யலாம் என்பதால் கூட்டம் அநாதையாக, ஆனால் சிரஞ்சீவியாக, வாராவாரம் எல்லாருடைய நாட்காட்டியிலும் முளைத்துக்கொண்டிருந்தது. ஒருவர் பதவி மாறினால் அடுத்து வருபவருக்கு நாற்காலியோடு இந்தக் கூட்டமும் வந்து சேரும். எதற்கு என்று கேட்டால் தெரியாதவர் என்று தெரிந்துவிடுமே! அதனால் பெரிய தலைகள் எல்லாம் தவறாமல் வந்து, அழுத்தமாக முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். யாராவது ஒருவர், "புதுசா ஏதாவது இருக்கா?" என்பார். எல்லாரும் மேஜையைப் பார்ப்பார்கள். "சரி, அடுத்த வாரம் பார்ப்போம்." கலைந்துவிடுவோம். நான் போனது பிஸ்கட்டுக்காக. அப்படி ஒரு பிஸ்கட், கம்பெனியில் வேறெங்கும் கிடைக்காது.

மறுநாள் பூதக்கண்ணாடியையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டேன்.

"புதுசா ஏதாவது இருக்கா?"

"இருக்கு," என்றேன். பிஸ்கட் தூள் பறந்தது.

எதிரே இருந்த துணைத்தலைவர் திடுக்கிட்டதில் நாற்காலி நாலடி பின்னால் உருண்டு சுவரில் மோதியது. பூதக்கண்ணாடி எழுந்தாள். அறைக்கு வராமல் வீடியோவில் சேர்ந்திருந்தவர்களுக்காகக் கைபேசியைக் கேமராவுக்கு நேரே நீட்டிக் காட்டிவிட்டு, அதைத் துணைத்தலைவர் கையில் கொடுத்தாள்.

"நீங்க கீழ விழுந்துட்டீங்க. கண்ணும் சரியாத் தெரியாது. ஆளைக் கூப்பிடுங்க, பார்ப்போம்."

அவர் தடவினார். பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்தார். அவரும் தடவினார். மேஜையைச் சுற்றி அந்தக் கைபேசி கைமாறிக்கொண்டே போனது. வாழ்நாளெல்லாம் கைபேசி செய்து விற்றவர்கள், ஒரு உதவிக்கு ஆளைக் கூப்பிட வழியில்லாமல் விழித்தார்கள். சிரிப்பு வரவேண்டிய காட்சிதான். எனக்கு வரவில்லை. அவர்களும் யாரையோ நினைத்துக்கொண்டதுபோல் இருந்தது.

"இதை நிறுத்துற அதிகாரம் யாருக்கு இருக்கு?" என்றார் துணைத்தலைவர்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "இந்தக் கூட்டத்துக்குத்தானே?" என்றது ஒரு குரல். தலைகள் எல்லாம் வேகவேகமாக ஆடின. தெரியாது என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

சுவர்த் திரையில் கேமராவை அணைத்துவைத்த ஒரு கறுப்புக் கட்டம் இருந்தது. ஆள் பெயர் இல்லை, 'நாலாம் மாடி, சிறிய அறை' என்று மட்டும். அதிலிருந்து ஒரு வரி வந்து விழுந்தது. 'நிறுத்தியாச்சு.'

அவ்வளவுதான். அந்தப் புதன்கிழமை எதுவும் வெளியாகவில்லை. அடுத்த வாரம் பொத்தான் மேலே ஏறி வந்து உட்கார்ந்த பிறகுதான் மென்பொருள் வெளியே போயிற்று.

மச்சான் கைதட்டினார். "பிரமாதம். ஒரு வெளியீட்டை நிறுத்தணும்னா எத்தனை பேர் ஒப்புதல் வேணும் தெரியுமா மாப்ளே? எதுக்குன்னே தெரியாத கூட்டம் நிறுத்துச்சாம்!"

துணி மடித்துக்கொண்டிருந்த என் மனைவி நிமிர்ந்தாள். "அண்ணா, அந்தப் புதன்கிழமை அது வெளிய போச்சா, இல்லையா?"

"போகல. அதுக்கு வேற காரணம்."

"என்ன காரணம்?"

"பல காரணம் இருக்கும்மா. உனக்குச் சொன்னாப் புரியாது."

"திறந்துவிடறது உன் வேலைதானே? உன்னைக் கேக்காம அது எப்படி நிக்கும்?"

மச்சான் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். துடைத்தது போதாதென்று மறுபடியும் துடைத்தார். எனக்கு மெல்ல மெல்ல உறைத்தது. இத்தனை வருஷம் அந்தக் கறுப்புக் கட்டத்தில் யார் என்று நான் கேட்காத ஆள் இல்லை, இவர் ஒருவரைத் தவிர.

"எனக்கு முன்னாடி இருந்தவர் விட்டுட்டுப் போன கூட்டம்," என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. "எதுக்குன்னு கேக்க வெக்கம். கேமராவை அணைச்சுட்டு உக்காந்திருப்பேன். அன்னிக்கு எல்லாரும் தலையாட்டினதைப் பார்த்து, இதுக்கு நிஜமாவே அதிகாரம் இருக்குன்னு நம்பி நிறுத்திட்டேன். அப்புறம் விசாரிச்சா அதிகாரமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. வெளிய சொன்னா மானம் போயிடும்னு வாயை மூடிக்கிட்டேன்."

"அப்ப இவர் சொன்னது நிஜமாவே நடந்ததா?"

"அந்தப் பொண்ணு போனைக் காட்டினப்ப நானும் என் திரைகிட்ட மூஞ்சியை வெச்சுத் தேடினேம்மா. எனக்கும் கிடைக்கல. நடந்துச்சு."