ஈரம் காய்வதற்குள்

இல்லை, இந்த மூடியை இப்படி வைத்தது அவள் இல்லை, நேற்று சாயங்காலம் கிளம்பும்போது சைலீன் ஜாடியை அழுத்தி மூடி, மூடியில் இருக்கும் கீறல் ஜன்னலைப் பார்க்கிற மாதிரி திருப்பி வைத்துவிட்டுத்தான் போனாள், வேண்டுமென்றேதான் அப்படி வைத்தாள், யாராவது கை வைத்தால் தெரிய வேண்டும் என்று, இப்போது பார்த்தால் கீறல் கதவைப் பார்த்துக்கொண்டு ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறது... தரை துடைக்க வருகிற ஆயா திருப்பியிருப்பாளோ? ஆயா ஜாடிப் பக்கமே வரமாட்டாள், அந்த வாசனைக்குத் தலை வலிக்கிறது என்பாள், அறையைத் துடைப்பதே பாதி தூரம்தான், மீதியைத் துடைத்ததாக நினைத்துக்கொள்வதோடு சரி. அப்புறம் யார், காற்றா? இந்த அறைக்குச் சாவி மூன்று பேரிடம் இருக்கிறது, டாக்டரம்மாவிடம் ஒன்று, அவளிடம் ஒன்று, பூனையிடம் ஒன்று. டாக்டரம்மா ஜாடி மூடியைத் திருப்பி விளையாடுகிற ஆள் இல்லை. பூனை என்று பெயர் வைத்தது அவள்தான், வாய்விட்டுச் சொன்னதில்லை, மனதுக்குள் மட்டும். ஏழு மாதத்துக்கு முன்னால் இந்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தவள், முப்பதுகூட ஆகியிருக்காது, ரப்பர் செருப்புக்காரி, வருவதும் தெரியாது போவதும் தெரியாது, திரும்பினால் பின்னால் நின்றுகொண்டு "அக்கா, ஏதாவது வேணுமா" என்பாள். என்ன வேணும் எனக்கு? என் நாற்காலி எனக்கு வேணும், அவ்வளவுதான்.

பதினெட்டு வருஷமாகச் செய்கிற வேலை. ஆபரேஷன் அறையிலிருந்து வருகிற சதைத் துணுக்கை மெழுகில் உறையவைத்து, வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஏற்றி, ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சாயம் ஏற்றி, கடைசியில் சைலீன் திரவத்தில் நிறுத்தியிருப்பார்கள், அதை அவள் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, ஒரு சொட்டுப் பசை விட்டு, மேலே மெல்லிய கண்ணாடியைச் சாய்த்து இறக்கிக் குமிழி இல்லாமல் மூட வேண்டும். பார்க்கிறவர்களுக்கு ஆல்பத்தில் போட்டோ ஒட்டுகிற மாதிரி இருக்கும். ஒரே ஒரு சட்டம்தான், ஈரம் காய்வதற்குள் மூடிவிட வேண்டும், அதனால்தான் இந்த நேரத்தில் ஃபேன்கூடப் போடுவதில்லை. காய்ந்துபோனால் காற்று உள்ளே புகுந்து ஒவ்வொரு செல்லின் நடுவிலும் மிளகுத்தூள் தூவினது போல் பழுப்புக் கறுப்பாகப் படிந்துவிடும், அப்புறம் டாக்டரம்மா மைக்ரோஸ்கோப்பில் எது நல்ல செல் எது கெட்ட செல் என்று எப்படிச் சொல்வது? பதினெட்டு வருஷத்தில் இந்தப் புகார் வந்ததே இல்லை. மூன்று வாரமாக வருகிறது, அதுவும் ஓரத்தில் பென்சில் புள்ளி வைத்த ஸ்லைடுகளில் மட்டும், புள்ளி அவளுடைய அடையாளம், பூனையின் அடையாளம் சின்னக் கோடு, கோடு போட்டதெல்லாம் பளிங்கு மாதிரி இருக்கிறதாம். போன வெள்ளிக்கிழமை டாக்டரம்மா கூப்பிட்டு உட்காரச் சொன்னார். "ஒரு அம்மாவோட ரிப்போர்ட் ரெண்டு நாள் தள்ளிப்போச்சு, தெரியுமா? வெளியில பெஞ்சில உக்காந்து அழுறாங்க. எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு. இன்னொரு தடவை வந்தா நீங்க சாம்பிள் வாங்குற கவுன்ட்டருக்குப் போயிடுங்க, மூடுற வேலையை அந்தப் பொண்ணே பாக்கட்டும்." அந்தப் பொண்ணே. அந்த ஏகாரத்தைத்தான் நான்கு நாளாக அவளால் விழுங்க முடியவில்லை.

சாம்பிள் வாங்குகிற கவுன்ட்டர் என்றால் என்ன, ஒரு ஓட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து டப்பாக்களின் மேல் எண் எழுதுவது, அதற்கா இத்தனை வருஷம் கண்ணைக் கொடுத்தாள்? அதனால்தான் இந்தப் பரீட்சை. இன்று பன்னிரண்டு ஸ்லைடு, அவளே சாயம் ஏற்றி, அவளே சைலீனில் நிறுத்தி, அவளே பக்கத்தில் காவல் நிற்கிறாள், தண்ணீர் குடிக்கக்கூட வெளியே போகவில்லை, வழக்கமாக அவள் டீக்குப் போகிற அந்த ஐந்து நிமிஷத்தில்தானே எதுவும் நடந்திருக்க முடியும், ஸ்லைடு நிற்கிற ரேக்கைத் தூக்கிக் கொஞ்ச நேரம் காயவிட்டு மறுபடி முக்கி வைத்தால் போதுமே, யாருக்குத் தெரியும்? இன்று பன்னிரண்டும் சுத்தமாக வந்துவிட்டால் மற்ற நாட்களில் யார் கை என்பது பட்டவர்த்தனம். மேலங்கிப் பையில் நாலாக மடித்த கடிதம் இருக்கிறது, மகளின் நோட்டில் கிழித்த தாள், "என் வேலையை ஒருவர் திட்டமிட்டுக் கெடுக்கிறார்" என்று ஆரம்பித்து ஒன்றரைப் பக்கம், பதினோரு மணிக்கு டாக்டரம்மா வந்ததும் கையில் கொடுத்துவிட வேண்டியதுதான். முதல் ஸ்லைடு, எடு, அடியைத் துடை, சொட்டு, சாய், இறக்கு. இரண்டு. மூன்று. கை பழகின கை, அதுபாட்டுக்குப் போகிறது, பசை கண்ணாடிக்கு அடியில் ஓரம்வரை ஓடி நிற்பதைப் பார்க்க இன்றைக்கும் ஒரு திருப்தி இருக்கத்தான் செய்கிறது. நான்காவதை எடுக்கிறாள்... அலமாரி திறக்கிற சத்தம். பூனை எதற்கு இப்போது அலமாரியைத் திறக்கிறாள்? குனிகிறாள், அடித்தட்டில் எதையோ பின்னால் தள்ளுகிறாள், நிமிர்ந்து இந்தப் பக்கம் ஒரு பார்வை, பார்த்ததும் சட்டென்று ஒரு சிரிப்பு, அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம், சிரிக்கிற அளவுக்கு இங்கே என்ன நடந்துவிட்டது? அலமாரிக் கதவு மூடுகிறவரை அவள் கண்ணை எடுக்கவில்லை. அப்புறம்தான் சொட்டு, சாய், இறக்கு. ஐந்து. ஆறு.

கணக்குப் போட்டுப் பார்த்தால் எல்லாம் பொருந்துகிறது. தினமும் அரை மணி முன்னாலேயே வந்துவிடுகிறாள், எதற்கு, சம்பளத்தைக் கூட்டியா கொடுக்கப்போகிறார்கள்? காலையில் வேலையே ஆரம்பிக்காத நேரத்தில் கழிவு டப்பாவில் ஸ்லைடை மூடுகிற பழைய மெல்லிய கண்ணாடிகள் கிடக்கின்றன, எங்கிருந்து வந்தன? போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் தட்டில் எண்ணி வைத்த ஸ்லைடு பதினாறு, புதன்கிழமை காலையில் பதினைந்து, பத்தரை மணிக்கு மறுபடி பதினாறு, குட்டி போட்டதா என்ன? இதை வீட்டில் சொன்னபோது கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "வெயில் அடிக்குதுன்னு நான் சொன்னாக்கூட நீ ஜன்னலைத் திறந்து பாத்துட்டுத்தான் நம்புவ" என்றார். ஆமாம், பார்ப்பேன், பார்க்கிறதுதானே என் தொழில். ஏழாவது கையில் இருக்கிறது, சைலீன் வழிந்து சொட்டுகிறது... மகள்கூட இப்போதெல்லாம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, பதினைந்து வயதில் அறைக்கதவைச் சாத்திக்கொள்கிற பிள்ளையின் பையைத் தாய் பார்க்கக்கூடாதா? மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு நாள் மகள் குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்து ஜிப்பைத் திறந்தாள், புத்தகம், சீப்பு, பாதி தின்ற பிஸ்கட், அடியில் ஒரு துண்டுத் தாள், கையெழுத்து அத்தனை அழகு, "அம்மா, ஒண்ணும் இல்ல. தேடி முடிச்சதும் ஜிப்பை மூடிடு." அவ்வளவுதான். எத்தனை நாளாக அந்தத் தாள் அங்கே காத்துக்கொண்டிருந்தது? எத்தனை தடவை தேடினதற்கு அப்புறம் எழுதினாள்? அவமானம் காதுவரை ஏறியது, இப்போது நினைத்தாலும் ஏறுகிறது, ஜிப்பை மூடினாள், சாப்பாடு போட்டாள், மகளும் கேட்கவில்லை இவளும் சொல்லவில்லை, குழம்பு நல்லா இருக்கா என்றாள், இருக்கு என்றாள், ஒரு வீட்டுக்குள் அதைவிடப் பெரிய தண்டனை வேறு என்ன இருக்கிறது... சொட்டு, சாய், இறக்கு. எட்டு. ஒன்பது. பத்து வேகமாகப் போனது. பதினொன்றில் பூனையின் போன் அடித்தது, "இப்ப முடியாது, அக்கா இருக்காங்க, அப்புறம் பேசறேன்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள், அக்கா இருந்தால் பேச முடியாத பேச்சு என்ன பேச்சு? இன்னும் ஏதாவது சொல்வாளா என்று காதைக் கூர்மையாக்கிக்கொண்டு நின்றாள், சொல்லவில்லை. பதினொன்றையும் மூடி வைத்தாள்.

பன்னிரண்டாவது இன்னும் ஜாடியில்தான் நிற்கிறது, ஆனால் பொறுக்க முடியவில்லை, மணி பத்தே முக்கால், ஓரத்தில் இருக்கிற சின்ன மைக்ரோஸ்கோப்பில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துவிடலாம். முதலாவது, கண்ணாடி மாதிரி, ஊதாப் புள்ளிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக, அப்படிப் போடு. இரண்டு, மூன்று, குறை சொல்ல ஒன்றுமில்லை. கடிதத்தை வெளியே எடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தாள். நான்காவதை வைத்தாள், கண்ணை வைத்தாள்... மிளகுத்தூள். லென்ஸில் தூசியாக இருக்கும், துடைத்தாள், மறுபடி பார்த்தாள், மிளகுத்தூள்தான். யாரும் கிட்டே வரவில்லையே, ஜாடியை விட்டு இரண்டடி நகரவில்லையே. ஐந்து சுத்தம், ஆறு சுத்தம், ஏழில் மறுபடி, இன்னும் மோசம், ஓரத்திலிருந்து நடுவரை. எட்டு, ஒன்பது, பத்து நல்லவை. பதினொன்று... பார்க்காமலே தெரிந்துவிட்டது, இருந்தாலும் பார்த்தாள், பார்த்துவிட்டுத்தான் நம்புகிற ஜாதி. நான்காவதில் அலமாரி திறந்தது. ஏழாவதில் மகளின் தாள். பதினொன்றில் போன். ஸ்லைடைக் கையில் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றாள்? அரை நிமிஷமா, ஒரு நிமிஷமா, இன்னும் கூடவா? மூன்று வாரமாக இதுவா? மூன்று வாரம் என்றால் அந்தத் தாளைப் பார்த்த வாரம், அதற்கப்புறம் எத்தனை தடவை இப்படிக் கையில் ஒன்றை வைத்துக்கொண்டு எங்கேயோ போய்விட்டு வந்தாள்? முதல் புகார் வந்த பிறகு பூனையைக் கண்காணிக்க ஆரம்பித்தாள், கண்காணிக்கக் கண்காணிக்கப் புகார் கூடியது, அவளும் ஆதாரம் கூடுகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தாள். வெளியே பெஞ்சில் அழுத அந்த அம்மா... அவருடைய ஸ்லைடு கையில் இருந்தபோது யாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்?

"அக்கா." பின்னால்தான் நிற்கிறாள், எப்போது வந்தாளோ, கையில் அலமாரி அடித்தட்டில் இருந்த குட்டி ஜாடி, உள்ளே சைலீனில் இரண்டு ஸ்லைடு, ஓரத்தில் பென்சில் புள்ளி, சந்தேகமே இல்லை, அவளுடைய புள்ளிதான். "நேத்து உங்க தட்டுல ரெண்டு காஞ்சிருந்துச்சு. ராத்திரி முழுக்க ஊறட்டும்னு இதுல போட்டேன், பெரிய ஜாடியிலேர்ந்துதான் கொஞ்சம் ஊத்திக்கிட்டேன். இப்பதான் மேல் கண்ணாடி கழண்டிருக்கு. தண்ணி வரைக்கும் திருப்பிக் கொண்டுபோய் ஈரம் ஏத்தி மறுபடி மூடி வச்சிடறேன், டாக்டரம்மா வர்றதுக்குள்ள முடியாது, மத்தியானம் தட்டுல சேத்துடலாம்." குட்டி ஜாடியைப் பார்த்தாள், கழன்று கிடக்கிற மெல்லிய கண்ணாடிகளைப் பார்த்தாள், கழிவு டப்பாவில் கிடந்ததெல்லாம் இவைதானா, பதினாறு பதினைந்தாகித் திரும்பப் பதினாறானது இதனால்தானா? "எத்தனை நாளா?" என்று கேட்டாள், தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை. "ஆரம்பத்துலேர்ந்தே, அக்கா, மூணு வாரமா. எல்லாத்தையும் பிடிக்க முடியல. தப்பிப்போனதுதான் அவங்க கண்ணுல பட்டுச்சு." "என்கிட்ட ஏன் சொல்லல?" பூனை ஜாடியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள், கோபமாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். "சொன்னா நான்தான் காயவச்சேன்னு நெனப்பீங்க."

நினைத்திருப்பாள். ஒன்றரைப் பக்கத்துக்கு நினைத்தே வைத்திருக்கிறாள், பைக்குள் அந்தக் கடிதம் தொடையில் உரசிக்கொண்டே இருக்கிறது, நன்றி என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், மன்னித்துக்கொள் என்று சொல்வதற்கு முன்னால் எதற்கு என்று விளக்க வேண்டியிருக்கும், முதலில் நன்றியைச் சொல்லலாம், கையைச் சும்மா வைத்துக்கொண்டு சொல்ல வரவில்லை, பன்னிரண்டாவதை ஜாடியிலிருந்து எடுத்தாள், அடியைத் துடைத்தாள்... ஆனால் இவள் எதற்காகச் செய்தாள்? மூன்று வாரம் தினமும் அரை மணி முன்னால் வந்து, இன்னொருத்தி கெடுத்ததைச் சத்தமில்லாமல் சரிசெய்ய ஒருத்திக்கு என்ன தலையெழுத்து? எத்தனை சரிசெய்தாள் என்று எங்கேயாவது குறித்து வைத்திருப்பாளோ, என்றைக்காவது டாக்டரம்மாவிடம் காட்ட? சே, என்ன மனசு இது. அப்படியெல்லாம் இருக்காது. இருக்காதுதான், ஆனாலும் போனில் "அக்கா இருக்காங்க" என்றாளே, அது யாரிடம்? மகளும் இப்படித்தானே, கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளோ என்னவோ, கேட்காமல் ஜிப்பைத் திறந்ததால்தானே... வராந்தாவில் டாக்டரம்மாவின் செருப்புச் சத்தம் கேட்கிறது, படி ஏறிவிட்டார், கடிதத்தைக் கிழிக்க வேண்டும், எங்கே போடுவது, கழிவு டப்பாவில் போட்டால் இவள் எடுத்துப் படித்துவிட்டால்?

"அக்கா," என்றாள் பூனை மெதுவாக, "கையில இருக்கறது காயுது."

குனிந்து பார்த்தாள். ஓரத்தில் பளபளப்பு போய், திசு வெளிறத் தொடங்கியிருந்தது. அவள் சட்டென்று நிமிர்ந்து, ஃபேனை யார் போட்டது என்று பார்த்தாள். ஃபேன் ஓடவில்லை.