தட்டை விட்டுப் போனவர்கள்

இசைக்குழுவின் முதல் டிரம்மர் விலகிய அன்று, அவர் வாசித்த டிரம் சத்தமும் இசைத்தட்டிலிருந்து விலகிப்போனது. கடைகளில் இருந்த தட்டுகள், வீடுகளில் இருந்த தட்டுகள், எல்லாவற்றிலும் அப்படித்தான். வாங்கியவர்கள் சில நாள் முணுமுணுத்துவிட்டுப் பழகிக்கொண்டார்கள். குழுவை நடத்திய கீபோர்டுக்காரர் வேறொரு டிரம்மரைப் பிடித்து அடுத்த தட்டைப் பதிவு செய்தார். தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு, அதில் பாதி கீபோர்டு என்பதால் ஆட்கள் நிலைக்கவில்லை. "உங்க பாட்டு முடியறதுக்குள்ள என் பொண்ணு காலேஜுக்கே போயிடுவா சார்" என்று சொல்லிவிட்டு அந்த டிரம்மரும் போனார். அவரது சத்தமும் போனது.

பேஸ் கிட்டார்காரர் கோபித்துக்கொண்டு போனபோது, கீபோர்டுக்காரரின் அக்கா யாரிடமும் சொல்லாமல் அவருக்குப் போன் செய்து கூப்பிட்டுவிட்டார். அவர் வந்த மாலையே தட்டுகளில் அவருடைய வாசிப்பும் திரும்பியது, மாடிப்படி ஏறி வந்ததுபோல் சற்று மூச்சிரைத்தபடி. அதற்காகக் கீபோர்டுக்காரர் அக்காவோடு ஒரு மாதம் பேசவில்லை. வெளியேறியவரை அந்தக் குடும்பம் அதுவரை திரும்பக் கூப்பிட்டதில்லை. கதவையும் தாழிட்டதில்லை. வருகிறவர் தானாக வர வேண்டும். அவர்களுடைய அப்பா அப்படித்தான் நிமிர்ந்து வாழ்ந்தார், அப்படியே போய்ச் சேர்ந்தார்.

குழுவில் பாடியவர் கீபோர்டுக்காரரின் கடைசித் தம்பி. முதல் தட்டில், பாட்டு முடியும் இடத்தில் அண்ணன் கீபோர்டில் ஒரு கட்டையைத் தவறாக அழுத்த, தம்பி சிரித்துவிட்டான். அண்ணன் தன் வாழ்நாளில் திருத்தாமல் விட்ட ஒரே பிழை அதுதான். அந்தச் சிரிப்புக்காகத்தான் விட்டுவைத்தார்.

அந்தத் தம்பி ஒரு பிஸ்கட் விளம்பரத்துக்குப் பாடிவிட்டு வந்தான். தட்டின் உறையில் குழுவின் பெயராக இருந்தது குடும்பப் பெயர்.

"நம்ம வீட்டுப் பேரை பிஸ்கட்டுக்கு வித்துட்டியேடா."

"பிஸ்கட்டையாவது ஜனங்க முழுசா சாப்பிடறாங்கண்ணா."

அண்ணன் வாசலைக் காட்டினார். தம்பி போனான். சாயங்காலத்துக்குள் குரல் போயிற்று, சிரிப்பும் போயிற்று.

ஒரு வார்த்தை கூப்பிட்டால் வந்துவிடுவதாக அவன் அக்காவிடம் சொல்லியனுப்பினான். கதவு திறந்துதானே இருக்கிறது என்று அண்ணன் பதில் சொல்லியனுப்பினார். இப்படியே வருடங்கள் போயின. பாடகர்கள் வந்தார்கள், தங்கள் குரலை எடுத்துக்கொண்டு போனார்கள். பேஸ் கிட்டார்காரரும் மறுபடி போனார், இந்த முறை திரும்பவில்லை. தம்பி ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்று தெரிந்த அன்று, அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு போன் முன்னால் உட்கார்ந்தார். ரிசீவரை எடுத்தார். முதுகை நிமிர்த்தினார். வைத்துவிட்டார். மறுநாள் அதே போனில் சேதி வந்தது.

எல்லாம் முடிந்து உறவினர்கள் கலைந்ததும் அக்கா முதல் தட்டைப் போட்டார். கீபோர்டு மட்டும் வந்தது, தம்பி பாடிய இடங்களிலெல்லாம் நின்று நின்று. அண்ணன் தட்டைப் பார்த்து, தம்பிக்குச் சின்ன வயதில் வைத்த செல்லப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். சத்தமாகவே கூப்பிட்டார். தவறான கட்டை ஒலித்தது. யாரும் சிரிக்கவில்லை.

"நானும் விலகிக்கறேன்க்கா," என்றார்.

அக்கா ஊசியை மறுபடி தொடக்கத்தில் வைத்தார். கீபோர்டும் போயிருந்தது. ஊசி உரசுகிற சத்தம் மட்டும் ஒரு பக்கம் முழுக்க ஓடி நின்றது.

"அந்தப் பக்கம் போடவா?" என்று அக்கா கேட்டார்.

அண்ணன் போடச் சொன்னார்.