பத்தொன்பதாவது சில்லு

பன்னிரண்டாவது சில்லை வைத்ததும் அடுக்கு சரிந்தது. மாமா மறுபடி முயன்றார். இந்த முறை ஒன்பதிலேயே விழுந்தது.

"கை போச்சும்மா," என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ஆறு மாதம் முன்பு பக்கவாதம் வந்து, என் மாமனாரின் வலது கை தொடு உணர்ச்சியில்லாமல் மரத்துப்போனது. இளவயதில் நண்பர்களோடு போக்கர் சீட்டாட்டத்தில் பணத்துக்குப் பதில் வைத்து ஆடிய, காசு மாதிரி வட்டமான களிமண் கலவைச் சில்லுகள் அவரிடம் இருந்தன. தினமும் அந்தக் கையாலேயே அவற்றை அடுக்கச் சொன்னார் பிசியோதெரபிஸ்ட். போன வாரம்தான் இருபதைத் தொட்டார். அன்று மகனுக்கு ஆபீஸுக்கே போன் போட்டுப் பீற்றிக்கொண்டார்.

"ரெண்டாவது தடவை வந்தா கஷ்டம்னு டாக்டர் சொன்னாரில்ல?" என்று இப்போது கேட்டுவிட்டு, மாமா அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டார்.

சில்லுகளைப் பொறுக்கும்போது ஒன்று கண்ணாடி மேஜையில் நழுவி, பம்பரமாகச் சுற்றியது. தட்டையான சில்லு அப்படிச் சுற்றாதே. விரலால் அழுத்தினேன், தொட்டில் மாதிரி ஆடியது. அடுத்ததும் ஆடியது. எல்லாமே ஆடின.

நேற்று ராத்திரி நான்தான் கழுவினேன். பிசுக்குப் போகட்டும் என்று கொதிக்கிற தண்ணீரில் போட்டு, பாத்திரக் கூடையில் சாய்த்துக் காயவைத்தேன். சூட்டில் இளகி, சாய்ந்த வாக்கிலேயே வளைந்துவிட்டன.

"அப்பாகிட்ட சொல்லிடேன்," என்றார் என் கணவர்.

"சும்மா சொன்னா, சமாதானப்படுத்தறேன்னு நினைப்பார். சரிபண்ணிக் காட்டணும்."

தண்ணீர் கை பொறுக்காத சூடு இருந்தால் போதும், கொதிக்கக் கூடாது. ஐந்தைந்தாகப் போட்டோம். இளகியதும் எடுத்து மேஜைமேல் பரப்பி, கல்யாணப் போட்டோவிலிருந்து கழற்றிய கண்ணாடியை வைத்து, அதன்மேல் அகராதிகளை ஏற்றினோம்.

"நீ ஏறி உட்கார்ந்தா இன்னும் சீக்கிரம் ஆகும்."

"வாயை மூடிட்டு அந்தக் கரண்டியைக் குடுங்க."

ஒரு சில்லில் மட்டும் நடுவில் ஒட்டியிருந்த படம் உரியத் தொடங்கியது. பதறிப்போய் அதைப் பாதியிலேயே எடுத்துவிட்டேன். அது அரைகுறையாகத்தான் நிமிர்ந்தது.

எல்லாம் ஆறியபின் கணவர் சிரிப்பில்லாமல் கேட்டார். "இப்பவும் விழுந்தா?"

அதுவரை பழிபோட ஒரு வளைந்த சில்லாவது இருந்தது. அதையும் நானே நிமிர்த்தி வைத்துவிட்டேன்.

மாமாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"கொதிக்கிற தண்ணியிலயா?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏம்மா, என்னையும் அப்படிக் குளிப்பாட்டிடாதே."

உட்கார்ந்தார். எட்டு. பத்து. பன்னிரண்டாவதை எடுத்தார். நான் கணவரின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டேன். பதினைந்தில் அடுக்கு லேசாகச் சாய்ந்தது. மாமா மூச்சை அடக்கி, ஒற்றை விரலால் அதை நேராக்கினார். பதினாறு. பதினெட்டு.

பத்தொன்பதாவதை எடுத்தவர் அதை வைக்கவில்லை. கண்ணை மூடி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டினார். முகம் சுருங்கியது.

"என்னப்பா, என்ன பண்ணுது?" கணவர் அவர் பக்கம் குனிந்தார்.

"எனக்கென்ன? இதுதான் சரியில்லை. ஓரம் தூக்கியிருக்கு பாரு."

வாங்கிப் பார்த்தேன். படம் உரிந்த அதே சில்லு. கண்ணுக்கே சரியாகத் தெரியாத வளைவு.

"மாமா," என்றேன். "எந்தக் கையால கண்டுபிடிச்சீங்க?"

மாமா கண்ணைத் திறந்து, தன் வலது கையைப் பார்த்தார்.