ஐஸ் பெட்டி மேல் ஒரு ஜப்பான்காரி

"மொதல்ல அந்தப் பொம்மைய எடு."

"எடுக்க மாட்டேன், பெரியப்பச்சி."

"செத்த வீட்டுல வாரவுகளுக்கெல்லாம் தலையாட்டிக்கிட்டு இருக்கு. சிரிக்கிறாக."

"சிரிக்கட்டும்."

ஹேமா நகரவில்லை. நேற்று மாலை இறந்துபோன அவள் அப்பா, அப்பச்சி நாச்சியப்பன், ஐஸ் பெட்டிக்குள் கிடந்தார். மேலே, கண்ணாடியில், கையளவுப் பீங்கான் பெண். நீல அங்கி, மடியில் விசிறி. தலை மட்டும் கழுத்துக்குள் தனியே தொங்கியது. மோட்டார் அதிர அதிர, துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் அவள் ஆமாம் ஆமாம் என்றாள்.

அப்பச்சியைப் பெற்ற ஐயா பர்மாவிலிருந்து ஜோடியாகக் கொண்டுவந்தது. பாகம் பிரித்தபோது கரண்டி வரைக்கும் சரிபாதி. பெண் அப்பச்சிக்கு, ஆண் அவருடைய அண்ணன் சோமுவுக்கு. தம்பி கேட்டார், அண்ணன் தரவில்லை. அண்ணன் கேட்டார், தம்பியும் தரவில்லை. இதே வீட்டில், எதிர் அறையில், அந்த ஆண் பூட்டிக் கிடந்தான்.

அப்பச்சி அவளுக்கு வேறு ஜோடி தேடினார். காரைக்குடி பழைய சாமான் கடைகளில் கிடைத்தவர்களில் ஒருவன் உயரம், ஒருவன் குள்ளம், ஒருவனுக்குத் தலை ஆடாது. ஆனாலும் விட்டுவர மனமில்லாமல் எல்லாரையும் வாங்கிவந்தார். அலமாரிகள் ஜப்பான்காரர்களால் நிறைந்தன. ஊர் அவரைப் பொம்மைச் செட்டி என்றது. அப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பார்.

"காரியம் முடியட்டும், எல்லாத்தையும் வித்துருவோம்," என்றார் சோமு.

"அது எங்க பங்கு. விக்கிறதா இல்ல."

"நீ கட்டிக்கிட்டுப் போற புள்ள."

"போனா இவுகளையும் கூட்டிக்கிட்டுப் போறேன். பஸ் பிடிச்சாவது."

மாமா லக்ஷ்மணன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். சோமு சிரிக்கவில்லை.

"குளிப்பாட்ட நேரமாச்சு, பெட்டிய அமத்துங்கப்பா," என்று யாரோ வாசலிலிருந்து சொன்னார்கள்.

மோட்டார் நின்றது. தலை மெதுவாகி, மெதுவாகி, நின்றது. சோமு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை இடுப்புச் சாவிக்கொத்தின் மேல் இருந்தது.

ஹேமா பொம்மையைத் தூக்கினாள். தலை மறுபடியும் ஆடியது.

"பெரியப்பச்சி, இவுக ஜோடிய நான் வச்சுக்க மாட்டேன். அப்பச்சியத் தூக்குறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தரம், அந்த ரூமத் தெறந்து அவர இங்கிட்டுக் கூட்டிக்கிட்டு வாங்க."